வந்த வழியே திரும்பாதே

இது இனிமேல் நடக்கப்போகிற கதை. நடந்து முடிந்துவிட்டதைப் போலத்தான் சொல்லப்போகிறேன். அப்போதுதான் கோபம் வரும். உங்களுக்கும் வரட்டும்.

அந்த வருஷங்களில், இன்னார் எனக்கு இன்ன உறவு என்று வாயால் சொன்னால் செல்லாது. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட, பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க, செத்தவரை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக, எல்லாவற்றுக்கும் உறவுச் சான்று வேண்டும். அதை எழுதுவதும் மனிதர்கள் இல்லை. ரேஷன் கார்டு, பிறப்புப் பதிவு, பழைய வாக்காளர் பட்டியல் என்று கிடைத்ததையெல்லாம் ஒரு இயந்திரம் தானே படிக்கும். இவருக்கு இவர் இன்ன முறை என்று தானே முடிச்சுப் போடும். ஏழெட்டுப் பக்கத்துக்கு ஒரு ஆவணத்தைத் தானே எழுதி அனுப்பிவிடும். கை படாத காகிதம், பொய் கலக்காத காகிதம் என்று சுவரெல்லாம் எழுதி வைத்திருந்தார்கள்.

சாத்தனூரணி ஆவண மையத்தில் உதவி மேஜை என்று ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்திருந்தவள் ஜெயக்கொடி. முப்பத்தெட்டு வயது. பிரிண்ட் வரவில்லை, எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று வருகிறவர்களுக்கு அவள்தான் வைத்தியம். பாதிப் பேருக்கு, அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள் என்றாலே குணமாகிவிடும்.

நாலு மாதமாக ஒரு நோய் மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. சில உறவுச் சான்றுகளைக் கம்ப்யூட்டரில் ஆவணம் படிக்கிற சொற்செயலியில் திறந்தால் திரை வெளுத்துப்போகும். கொஞ்ச நேரம் சக்கரம் சுற்றும். பிறகு செயலி, ஒரு வார்த்தை சொல்லாமல், தானே மூடிக்கொள்ளும். அப்படி வந்தவர்களிடம் அவள், “எழுத்துரு பழசா இருக்கும், மாத்திப் பாருங்க” என்று சொல்லி அனுப்பிவிடுவாள். நாற்பது பேருக்கு அப்படிச் சொல்லியிருந்தாள். நாற்பது பேரும் திரும்பி வரவில்லை. சரியாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டாள்.

நாற்பத்தோராவது ஆள் திரும்பி வந்தாள். அவள் பேர் குருவம்மாள்.

“மேடம், நீங்க சொன்ன மாதிரி எழுத்த மாத்தியாச்சு. போன செவ்வாக்கெழமையும் தெறக்கல.”

“எங்க தெறக்கல?”

“பெரியாஸ்பத்திரில. கமிட்டிக்காரங்க மேசைல.”

குருவம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. பிளாஸ்டிக் பையில் ஃபைல், தண்ணீர் பாட்டில், ஒரு டிபன் டப்பா. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னாள். மகள் ராசாத்திக்கு இருபத்தாறு வயது. தபால் பட்டுவாடா வேலை. சைக்கிளில் தெருத் தெருவாகப் போய் அடுத்தவர் காகிதத்தையெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அப்பா சீனியப்பன் தன்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்கிறார். ரத்தம் சேருகிறது, டாக்டர்கள் சரி என்றுவிட்டார்கள். ஆனால் நெருங்கிய உறவுதான் தரலாம். உறவுதானா என்பதைச் செவ்வாய்தோறும் கூடும் கமிட்டி பார்க்கும். அதற்கு ஆவணம் திறக்க வேண்டும்.

“ரெண்டு செவ்வா போச்சு. மூணாவது தடவையும் தெறக்கலன்னா மனு தானா மூடிக்கிருமாம். அப்புறம் புதுசா எழுதிக் குடுத்துட்டு எட்டு மாசம் நிக்கணுமாம். எட்டு மாசம் எம்மக இருக்கமாட்டான்னு டாக்டர் என்கிட்ட சொல்லல, நர்சுகிட்ட சொன்னாரு. எனக்குக் கேட்டுச்சு.”

“அடுத்த செவ்வாயா?”

“ஆமா. இன்னைக்கு வியாழன்.”

ஜெயக்கொடி அந்தப் பழைய நாற்பது பேரை நினைத்தாள். அவர்கள் ஏன் திரும்பி வரவில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“ஃபைலக் குடுங்கக்கா,” என்றாள்.

கம்ப்யூட்டர் என்றதும் முகம் சுளிக்காதீர்கள், கண்ணுகளா. ஒரு வீட்டில் எங்கே ஒழுகுகிறது என்று தேடுவதைப் போலத்தான் இதுவும். ஜெயக்கொடி முதலில் ஆவணத்தின் படங்களை எடுத்துவிட்டுத் திறந்தாள். மூடிக்கொண்டது. முத்திரையை எடுத்தாள். மூடிக்கொண்டது. ஆவணத்தைப் பாதியாக வெட்டி முன்பாதியை மட்டும் திறந்தாள். திறந்தது. பின்பாதி மூடிக்கொண்டது. பின்பாதியை மறுபடி இரண்டாக்கினாள். இப்படி வெட்டி வெட்டிக் கடைசியில் ஒரே ஒரு கட்டத்தில் வந்து நின்றாள். ‘உறவுமுறை விவரம்’ என்று தலைப்புப் போட்ட கட்டம். பார்வைக்கு ஒரு விரற்கடை உயரம். அதில்தான் செயலி செத்துப்போகிறது.

சொற்செயலியை விட்டுவிட்டு, அலங்காரம் எதுவும் இல்லாமல் வெறும் எழுத்தாகக் காட்டுகிற ஒன்றில் அந்தக் கட்டத்தைத் திறந்தாள். எழுத்து ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. கட்டத்துக்குள் கட்டம், அதற்குள் கட்டம், அதற்குள்ளும் கட்டம். ‘குருவம்மாள்’ என்ற பெயரைத் தேடச் சொன்னாள். பதினோராயிரத்துச் சொச்சம் இடத்தில் இருக்கிறது என்று காட்டியது.

“அக்கா, இங்க வாங்க. சீனியப்பன் யாரு?”

“எங்க வீட்டுக்காரரு.”

“சிவனம்மாள்?”

“எங்கம்மா.”

“சிவனம்மாளுக்குச் சீனியப்பன் என்ன வேணும்?”

“தம்பி. கூடப் பெறந்த தம்பி.” குருவம்மாள் இதில் சொல்ல என்ன இருக்கிறது என்பதைப் போல் பார்த்தாள். “என்னைய எங்க மாமனுக்குத்தான கட்டிக் குடுத்தாங்க.”

ஜெயக்கொடி நாற்காலியில் சாய்ந்தாள். அவள் சொந்தத்திலும் அக்காவை அத்தை மகனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சித்தியை அவளுடைய தாய்மாமனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் ஒரே பெயர் இரண்டு பக்கமும் வருவதைப் பார்த்து யாரும் இந்த ஊரில் ஆச்சரியப்பட்டது கிடையாது.

கண்காணிப்பாளர் ஞானதுரை மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார். ஜெயக்கொடி போய் நின்றாள்.

“சார், இந்தம்மாவ நேர்ல விசாரிச்சு ஒரு சான்று கையால எழுதிக் குடுத்துருவோம். ரூல்ல இருக்குல்ல?”

“இருக்கு. சிஸ்டம் மொத்தமா நின்னு போனாத்தான் விசாரிச்சு எழுதலாம். சிஸ்டம் நின்னுருச்சா?”

“இல்ல சார். இந்த ஃபைல் தெறக்கல.”

“அப்ப அது சிஸ்டம் கோளாறு இல்லம்மா. ஃபைல் கோளாறு.” குச்சியைத் தட்டில் போட்டார். “ஒரு ஃபைலு சரியில்லங்கிறதுக்காக ஆபீஸே நின்னு போச்சுன்னு நான் எழுத முடியுமா? நீயே சொல்லு.”

“செத்துப் போயிருவா சார் அந்தப் புள்ள.”

“அதுக்கு நான் என்ன செய்ய? கம்பெனிக்குப் போனப் போடு.”

போட்டாள். சென்னையில் கம்பெனி. பேசியவன் பெயர் வருண். இருபத்தெட்டு, முப்பது இருக்கும். மரியாதையான பையன். அதுதான் இன்னும் எரிச்சல்.

“மேம், நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்களா? சூப்பர். எங்களுக்கும் தெரியும் மேம். சிம்பிளா சொல்றேன். நம்ம சிஸ்டம் ஒரு ஆள்ல ஆரம்பிச்சு உறவு உறவா நடந்து போகும். பொண்ணு, அவங்க அம்மா, அம்மாவோட அம்மா, அவங்க தம்பின்னு. ஒவ்வொருத்தருக்கும் முன்ன ஆளோட கட்டத்துக்குள்ள ஒரு கட்டம் போடும். வந்த வழியே திரும்பாதேன்னு ஒரு ரூல். ரெக்கார்டு தீர்ந்துபோனா நின்னுடும்.”

“ஆனா இவங்க வீட்ல நிக்காது.”

“எப்படி நிக்கும்? மகள்லேர்ந்து அம்மா, அம்மாகிட்டேர்ந்து பாட்டி, பாட்டியோட தம்பி, தம்பியோட வொய்ஃப்... அது அதே அம்மா. மறுபடி பாட்டி. மறுபடி தம்பி. வட்டமா சுத்துது. வட்டத்துல போறவன் வந்த வழியே திரும்ப மாட்டானே மேம்? ரூல மீறவே இல்ல. நாப்பது செகண்டு வரைக்கும் எழுதும், அப்புறம் டைம் முடிஞ்சுதுன்னு ஃபைல மூடி அனுப்பிடும். அத்தனை கட்டத்தையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு வச்சு அளவு போடத் தெரியாம சொற்செயலி விழுந்துடுது.”

“எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?”

“ஆரம்பத்துலேர்ந்தே. டிசைன் பண்ணவங்களுக்கு ஃபேமிலின்னா ஒரு மரம். கிளை பிரியும், சேராது. உங்க பக்கம் டேட்டா வந்தப்பறம்தான் தெரிஞ்சுது. அதுக்குன்னு தனி லிஸ்டே வச்சிருக்கோம். குறைபாடுள்ள குடும்பங்கள்னு.”

“என்ன குடும்பங்கள்?”

அவன் திரும்பச் சொல்லவில்லை. குரல் கொஞ்சம் இறங்கியது. “அது டெக்னிக்கல் பேர் மேம். தப்பா எடுத்துக்காதீங்க. ஆனா மெடிக்கலாவும் பாருங்க, சொந்தத்துல கல்யாணம் பண்ணா இந்த மாதிரி வியாதி...”

“தம்பி, எங்க மாவட்டத்துல எத்தன குடும்பம் அந்த லிஸ்ட்ல?”

“உங்க மையத்துக்கு மட்டும்... ஆயிரத்து நூத்து நாப்பது.”

“ஆயிரத்து நூத்து நாப்பது வீட்டுக்குக் குறைபாடு. உங்க புரோகிராமுக்கு ஒண்ணும் இல்ல.”

போனின் ஒலிபெருக்கி திறந்திருந்ததை ஜெயக்கொடி மறந்துவிட்டாள். எதிரே குருவம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து, போனைப் பார்த்து, அதற்குள் ஆள் உட்கார்ந்திருப்பதைப் போலப் பேசினாள்.

“யய்யா, சொந்தத்துல கட்டுனா வியாதி வரும்னு சொன்னியே. அத முப்பது வருசத்துக்கு முந்தி வந்து எங்கம்மாகிட்ட சொல்லியிருக்கணும். எனக்குப் பதினாறு வயசு. பதினொண்ணாப்புப் புஸ்தகத்துக்கு அட்டை போட்டு வச்சிருந்தேன். எங்கய்யா செத்த மூணாம் மாசம் மாமனுக்குக் கட்டி வச்சாங்க. நானா போயிக் கேட்டேன்? அப்ப ஒரு பய வந்து கேக்கல. இப்பக் குத்தம் சொல்ல மட்டும் வரிசையா வாறீங்க.”

பிறகு வருண், “திங்கக்கிழமைக்குள்ள புரோகிராம்ல ஒரு ஒட்டு, ஒரு பேட்ச் போட்டுடறோம் மேம்,” என்றான்.

சொன்னபடி செய்தான். குறை சொல்லக் கூடாது. திங்கள் காலை பத்து மணிக்கு ராசாத்தியின் உறவுச் சான்று கண்ணை மூடித் திறப்பதற்குள் திறந்துகொண்டது. ஆறே பக்கம். அழகாக இருந்தது. குருவம்மாளுக்குப் படிக்கத் தெரியும். விரலை வைத்து வரி வரியாகப் படித்தவள் மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினாள்.

“இதுல தகப்பன் பேருல கோடு போட்டிருக்கே.”

ஜெயக்கொடி திரையைத் திருப்பிப் பார்த்தாள். தகப்பன்: பதிவில் இல்லை. சீனியப்பன்: தாய்வழிப் பாட்டியின் தம்பி.

மறுபடி சென்னை.

“ஆமா மேம், வட்டத்த எங்கயாவது வெட்டினாத்தானே மரமாகும்? கடைசியா வந்த முடிச்ச வெட்டச் சொல்லியிருக்கோம். அது அவங்க மேரேஜ். அதுவும் ரிஜிஸ்டர் ஆகாத மேரேஜ், பொண்ணு மைனர்...”

“மேரேஜ வெட்டுனா அப்பன் இல்லாமப் போயிருதேய்யா. அப்பன்தான் கிட்னி தாராரு.”

“அப்ப நீங்களே வேற முடிச்ச வெட்டலாம். உங்க ஸ்கிரீன்ல ஆப்ஷன் இருக்கு. ஆனா கையால வெட்டினா அந்த முடிச்சோட ரெண்டு பக்கத்து ஆளும் ரேகை வைக்கணும். சம்மதம் வேணும்ல.”

திரையில் வட்டம் தெரிந்தது. அதில் நாலு முடிச்சு. சீனியப்பனை அவருடைய பெற்றோரோடு சேர்ப்பது ஒன்று. சிவனம்மாளை அதே பெற்றோரோடு சேர்ப்பது ஒன்று. அந்தப் பெற்றோர் இருவரும் போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆகிறது. செத்தவர்கள் ரேகை வைக்க முடியாது, அதனால் அந்த இரண்டும் சாம்பல் நிறத்தில் பூட்டிக் கிடந்தன. மூன்றாவது, குருவம்மாளின் கல்யாணம். நாலாவது, சிவனம்மாளுக்கு மகள் குருவம்மாள் என்கிற முடிச்சு.

ஜெயக்கொடி வாயைத் திறப்பதற்குள் குருவம்மாளே திரையைப் படித்துவிட்டாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு என்றுதான் சொல்ல வேண்டும், வேறு பேர் எனக்குத் தெரியவில்லை.

“இந்தக் கல்யாணத்த அத்துவிட மாட்டாங்களான்னு எத்தன வருசம் வேண்டியிருப்பேன் தெரியுமா மேடம்? மனுசன் மேல குத்தம் இல்ல. நல்ல மனுசந்தான். என்னையத் தோள்ல தூக்கிக்கிட்டுத் திருவிழாவுக்குப் போனவரு. அவரப் புருசன்னு பாக்க எனக்கு மூணு வருசம் ஆச்சு. அப்பல்லாம் ஒருத்தரும் அத்துவிட வரல. இன்னைக்கு ஒரு மிசினு ஒருத்தர்ட்டயும் கேக்காம அத்துவிட்டுட்டு நிக்குது. இப்ப அது வேணும்னு நான் கெடக்கேன்.”

“அக்கா...”

“எங்கம்மாவ எடுத்துருங்க.”

“யோசிச்சுச் சொல்லுங்கக்கா.”

“யோசிக்க என்ன இருக்கு? என்னையக் கேட்டா அவ முடிச்சுப் போட்டா? அவளக் கேட்டே நான் அத்துவிடுறேன். அந்த அளவுக்கு நான் மேலு.”

சிவனம்மாளைச் சாயங்காலம் ஆட்டோவில் கூட்டி வந்தார்கள். அறுபத்தாறு வயது, முழங்கால் தேய்ந்து பக்கவாட்டில் சாய்ந்து நடக்கிற உடம்பு. சீனியப்பன் அக்காவின் கையைப் பிடித்து உட்காரவைத்தார். உயரமான மனிதர், அங்கே நின்ற நேரமெல்லாம் தன் உயரத்துக்கு இடம் இல்லாதவரைப் போலக் குனிந்தே நின்றார்.

ஜெயக்கொடி விளக்கிச் சொன்னாள். காகிதத்தில் மட்டும்தான், அம்மா. வீட்டில் ஒன்றும் மாறாது.

“எனக்கு ஒரே மக தாயி,” என்றாள் சிவனம்மாள். “அவளும் இல்லன்னு நானே ரேகை வைக்கணும். அப்படித்தான?”

“அப்படித்தாம்மா.”

கிழவி மகளைப் பார்த்தாள். மகள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்குப் பயந்துட்டேன்டீ. தாலியறுத்தவ வீட்டுல வயசுப் புள்ள. தம்பின்னா கைவிட மாட்டான்னு நெனச்சேன்.”

“ரேகைய வையி.”

“வைக்கிறேன். அவன் கைவிடலயே? கிட்னியக் குடுக்கானே?”

“அவரு நல்லவருன்னா நீ செஞ்சது நல்லதாயிருமா? ரேகைய வையிம்மா. மணி அஞ்சாகப் போகுது.”

வைத்தாள். வட்டம் திரையில் அறுந்து, இரண்டு கிளையாகப் பிரிந்து, ஒழுங்கான மரமாக நின்றது.

செவ்வாயன்று கமிட்டி ஆவணத்தைத் திறந்தது. தகப்பன்: சீனியப்பன். ஒரு மாதத்தில் அறுவை நடந்தது. ராசாத்தி பிழைத்தாள். நாலாம் மாதம் சைக்கிள் கேட்டு அடம்பிடித்தாள். இவ்வளவோடு நிறுத்தினால் உங்களுக்கெல்லாம் நிம்மதிதான். எனக்கும்தான்.

ஏழாம் மாதம் ஒரு மதியம் குருவம்மாள் மறுபடி உதவி மேஜைக்கு வந்தாள். கையில் பை இல்லை. செருப்பும் இல்லை.

“எங்கம்மா குளிக்கிற எடத்துல வழுக்கி விழுந்துட்டா. இடுப்பு எலும்பு. ஆபரேசன் ஆயிருச்சு. இன்னைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு போனா, குடுக்க மாட்டேங்கிறாங்க.”

“ஏன்?”

“ஆதரவில்லாதவங்களாம். காப்பகத்துக்கு அனுப்புறாங்களாம். நாளைக்குப் பத்தரைக்கு வண்டி வருதாம்.”

ஜெயக்கொடி சிவனம்மாளின் உறவுச் சான்றைத் தட்டினாள். சக்கரம் சுற்றவில்லை. வெளுக்கவில்லை. உடனே திறந்துகொண்டது.

மக்கள்: இல்லை.

தம்பி: சீனியப்பன். ஒரு சிறுநீரகம் உள்ளவர். பொறுப்பாளராகத் தகுதியில்லை.

தம்பியின் மனைவி: குருவம்மாள். இரத்த உறவு இல்லை.

தம்பி மகள்: ராசாத்தி. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர், தகுதியில்லை.

இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை படிக்கக் கண் கூசியது. மகளுக்குக் கொடுத்ததால் தகப்பனுக்குத் தகுதி போயிற்று. காகிதத்தில் தகப்பனைத் தக்கவைத்ததால் குருவம்மாளுக்கு அம்மா போனாள். எல்லா வரியும் சரி. எல்லாவற்றிலும் கை படாத முத்திரை.

ஞானதுரையிடம் போனாள்.

“ஃபைல் தெறக்குதா?” என்று கேட்டார்.

“தெறக்குது சார்.”

“அப்புறம் என்னம்மா? தெறக்கலன்னு வந்த. தெறந்து குடுத்தாச்சு. இப்ப தெறக்குதுன்னு வர்ற.”

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். குருவம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க நெனைக்கிறது தெரியுது. கோபத்துல சொன்னா, இப்ப அழுறான்னு. ஆமா, கோபத்துலதான் சொன்னேன். இன்னும் கோபந்தான். அவ செஞ்சத நான் மறக்கப் போறதில்ல. வீட்டுக்குக் கொண்டு போயி, கஞ்சி ஊத்திக்கிட்டே தெனமும் திட்டப் போறேன். ஆனா யாரோ பொம்பளைன்னு வண்டில ஏத்துறதுக்கு அவ யாரோ இல்ல. எங்கம்மாவ எங்கிட்டக் குடுங்க தாயி.”

மேடம் என்பது தாயி ஆனதை ஜெயக்கொடி கவனித்தாள்.

திரையில் பழைய வட்டத்தைத் தேடி எடுத்தாள். முடிச்சை வெட்டத்தான் இரண்டு ரேகை வேண்டும். வெட்டியதைத் திரும்பப் போட ஒரு டிக் போதும். திரும்பப் போடச் சொல்லி யாராவது வருவார்கள் என்று அதைச் செய்தவர்கள் நினைத்தே பார்க்கவில்லை. டிக் அடித்தாள். கிளைகள் இரண்டும் வளைந்து வந்து ஒட்டிக்கொண்டன. சிவனம்மாளின் சான்றைத் தட்டினாள். திரை வெளுத்தது. சக்கரம் சுற்றியது. செயலி மூடிக்கொண்டது.

“மறுபடி கெட்டுப் போச்சா?” என்றாள் குருவம்மாள்.

“இல்லக்கா. இப்பத்தான் சரியாருக்கு.”

ஆனால் அது ஒரு ஃபைல். ஒரு ஃபைல் திறக்காவிட்டால் ஃபைல் கோளாறு. ஜெயக்கொடி பட்டியலைத் திறந்தாள். ஆயிரத்து நூற்று நாற்பது. எல்லாம் பேட்ச் போட்ட அன்றே வெட்டுப்பட்டவை. அவற்றில் தன்னிடம் வந்த அந்த நாற்பது பேரின் பெயர்களும் இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இருபத்தேழில், மனு முடித்துவைக்கப்பட்டது என்றிருந்தது. என்ன மனு, யாருக்காக என்று அதில் எழுதியிருக்காது. எழுத்துருவை மாத்திப் பாருங்க என்று தான் சொன்ன குரல் மட்டும் அவள் காதில் கேட்டது.

“நீங்க இப்ப வீட்டுக்குப் போங்கக்கா. நாளைக்குக் காலைல ஒம்பதே முக்காலுக்கு ஆஸ்பத்திரி மேசை முன்னாடி நில்லுங்க. முன்னாடியே போக வேணாம். செருப்புப் போட்டுட்டுப் போங்க.”

“என்ன செய்யப் போறீங்க?”

“எல்லாரையும் சேத்து வைக்கப் போறேன்.”

பட்டியலின் உச்சியில் ஒரு சிறு கட்டம் இருந்தது. அதில் டிக் அடித்தால் ஆயிரத்து நூற்று நாற்பதிலும் டிக் விழும். அடித்தாள். எல்லாச் சான்றுகளையும் காலை ஒன்பதரைக்குப் புதிதாக எழுதி எல்லா மேஜைக்கும் அனுப்பித் திறந்து காட்டவும் என்று வரிசையில் போட்டாள். அவள் பெயரும் நேரமும் கீழே தானாகப் பதிவானது. இந்த வேலை இனி இல்லை என்று தெரியும். மேஜை இழுப்பறையிலிருந்து சீப்பு, தைலம், குடை மூன்றையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஒன்பதரைக்கு இயந்திரம் வேலையைத் தொடங்கியது. மாமனைக் கட்டியவர்கள், அத்தை மகளைக் கட்டியவர்கள், பெண் கொடுத்த வீட்டிலேயே பெண் எடுத்தவர்கள் எல்லாரையும் அது சுற்றிச் சுற்றி எழுதியது. கட்டத்துக்குள் கட்டம். வந்த வழியே திரும்பவே இல்லை. ஒன்பது நாற்பதுக்குச் சாத்தனூரணி ஆவண மையத்தில் பதினாறு திரையும் வெளுத்தன. ரேஷன் ஆபீசில் வெளுத்தது. பெரியாஸ்பத்திரியில் கமிட்டி அறையில், வாசல் மேஜையில், பிணவறை மேஜையில்கூட வெளுத்தது. ஞானதுரை இரண்டு முறை அணைத்துப் போட்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, பேரேட்டை எடுத்து, பேனாவை உதறிக்கொண்டு, ‘சிஸ்டம் நின்றுவிட்டது’ என்று தன் கையால் எழுதி நேரம் போட்டார். எழுதும்போது உதவி மேஜைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாராம். அந்தக் குறிப்பு ஒவ்வொரு மேஜைக்கும் போனில் போனது.

ஆஸ்பத்திரி வாசல் மேஜையில் இருந்தவன் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம். அந்த மூன்று வருஷத்தில் ஒருவரையும் அவன் முகம் பார்த்துக் கேள்வி கேட்டதில்லை. எண்ணைக் கேட்பான், திரையைப் பார்ப்பான். இப்போது பார்க்கத் திரை இல்லை. விதிப்புத்தகத்தில் தூசி தட்டி அந்தப் பக்கத்தைப் படித்தான். நேரில் விசாரித்து எழுதுக.

காப்பக வண்டி பின்வாசலில் வந்து நின்றுவிட்டது. சக்கர நாற்காலியில் சிவனம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆஸ்பத்திரிப் போர்வை. எதிரே குருவம்மாள், செருப்புப் போட்டுக்கொண்டு.

பையன் வெள்ளைத் தாளை எடுத்தான். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் கொஞ்சம் திணறினான். பிறகு நிமிர்ந்து, நாற்காலியில் இருந்தவளைக் காட்டி, வாயால் கேட்டான்.

“இவங்களுக்கு நீங்க என்ன வேணும்?”

குருவம்மாள் அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் அப்படியே இருந்தது, ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை.

“மக,” என்றாள்.